நீர் அறிவீர்

எங்கள் எப்சி அண்ணி ஜெபம் பண்ண ஆரம்பித்தால் அடுப்பில் எதையும் வைத்துவிட்டு வரக் கூடாது. மந்தைவெளியில் எங்கள் சபைப் பெண்கள் எல்லோருக்கும் இது தெரியும். ஒருமுறை நான் சாம்பாரைச் சின்னத் தீயில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். அண்ணி ஆமென் சொல்லி முடித்தபோது சாம்பார் கூட்டாகி, கூட்டு கருகி, பாத்திரத்தையே தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

எப்சிபாய் என்பது முழுப்பெயர். என் அண்ணன் தேவவரத்தின் மனைவி. அண்ணன் மின்சார வாரியத்தில் வேலை. ஒரே வீட்டில் முன் போர்ஷனில் அவர்கள், பின் போர்ஷனில் நானும் என் வீட்டுக்காரரும். அதனால் அண்ணியைப் பற்றி யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

நல்ல மனுஷி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் நான் வாய்க்கு வந்தபடி பேசும்போது யாரும் தப்பாக நினைக்கக் கூடாது. சபையில் யாருக்காவது காய்ச்சல் என்றால் ஃபிளாஸ்கில் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவள் அண்ணிதான். துக்க வீட்டில் பாத்திரம் தேய்ப்பாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போகும், கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிக்கிற வரைக்கும்.

புதன்கிழமை சாயங்காலம் எங்களுக்கு வீட்டு ஜெபம். வாரம் ஒருத்தர் வீட்டில் பெண்கள் கூடுவோம். அதற்கு முன்னாலேயே ஒவ்வொருத்தியாக அண்ணியிடம் வந்து காதைக் கடிப்பார்கள். "அக்கா, யார்கிட்டயும் சொல்லல, ஜெபத்துல வச்சுக்கோங்க." அண்ணியும் பத்திரமாக வைத்துக்கொள்வாள். புதன்கிழமை வந்ததும் எடுத்து நடுக்கூடத்தில் வைத்துவிடுவாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வயலட் சகோதரியின் கணவரை நீர் அறிவீர். அவர் மறுபடியும் அந்தப் பழைய பழக்கத்துக்குத் திரும்பியிருப்பதையும் நீர் அறிவீர். சம்பளத் தேதியில் மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துக் கடைக்குத்தான் அவர் முதலில் போகிறார் என்பதையும் தேவரீர் அறிவீர்..."

வயலட் அக்கா கண்ணை மூடியபடியே சிவந்துபோவாள். மற்றவர்கள் எல்லோரும் கண்ணை மூடியபடியே காதைத் தீட்டிக்கொள்வார்கள். நான் மட்டும் ஒரு கண்ணைப் பாதி திறந்து இந்த வேடிக்கையைப் பார்ப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் சண்டை போடுவேன். "அவருக்குத்தான் எல்லாம் தெரியுமே அண்ணி. நீர் அறிவீர், நீர் அறிவீர்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் எதுக்குக் கடை அட்ரஸெல்லாம் குடுக்கறீங்க? அவரு இன்னா, ஆட்டோ புடிச்சு வரப் போறாரா?"

அண்ணிக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும். "பாரத்தோட ஜெபிக்கணும் பியூலா. நீ இன்னும் ஆவிக்குள்ள வளரல. அந்த பாரம் உனக்கு வர்றப்ப தெரியும்" என்பாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்த காமாக்ஷி மாமி ஒருநாள் என்னிடம் சொன்னார்: "உங்காத்து மன்னி ஜெபம் பண்ண ஆரம்பிச்சா நான் டீவியை அணைச்சுட்டு உக்காந்துண்டுடுவேன். உங்க சர்ச்சுல யாருக்கு என்ன கஷ்டம்னு ஒண்ணு விடாம தெரிஞ்சுடறது." மாமி கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சந்தோஷப்பட்டாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

அண்ணியின் உயிர்த்தோழி சொர்ணம் அக்கா. பக்கத்துத் தெரு. கணவர் சீக்கிரமே போய்விட்டார். கோபாலபுரத்தில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்து, ஒரே மகள் சுகந்தியைப் படிக்கவைத்து ஆளாக்கினாள். சுகந்தி அப்போது ஆழ்வார்பேட்டையில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்தாள். லட்சணமான பெண், வாய் கொஞ்சம் துடுக்கு. சின்ன வயதில் அவளுக்கு வலிப்பு வந்ததுண்டு. மாத்திரை சாப்பிட்டாள், சரியாகிவிட்டது, டாக்டரே மாத்திரையை நிறுத்தி வருஷக்கணக்காகிறது. அது சொர்ணம் அக்காவுக்கும் எங்கள் வீட்டுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

தொண்ணூற்று இரண்டாம் வருஷம், பெரம்பூரிலிருந்து சுகந்திக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். சொர்ணம் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கிழமை பொண்ணு பார்க்க வராங்க எப்சி. மறைச்சுப் பண்ணக் கூடாதுன்னு சுகந்தி புடிவாதமா கீறா. தானே அந்தப் பையன்கிட்ட சொல்லுவாளாம். அவளுக்கு அந்த தைரியம் கெடைக்கணும். ஜெபத்துல வச்சுக்கோ."

நான் அங்கேயே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவள் போனதும் அண்ணியிடம் விரலை நீட்டிச் சொன்னேன்: "வீட்ல ஜெபிங்க. புதன்கிழமை வேணாம்." அண்ணி தலையை ஆட்டினாள். மனசார ஆட்டினாள் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன்.

அந்தப் புதன்கிழமை ஜெபம் ராஜா அண்ணாமலைபுரத்தில் வயலட் அக்கா வீட்டில். சொர்ணம் அக்காவுக்கு பள்ளிக்கூடத்தில் வேலை, வரவில்லை. பாட்டு முடிந்தது. அண்ணி கண்ணை மூடினாள். ஆரம்பத்தில் அடக்கமாகத்தான் போனது. பிறகு சூடு ஏறியது. குரல் தழுதழுத்தது. தன் தோழியின் மகள்மேல் அவளுக்கு அப்படி ஒரு பாசம், அது பொய்யில்லை.

"ஆண்டவரே, எங்கள் சொர்ணத்தின் மகள் சுகந்தியை நீர் அறிவீர். சின்ன வயதில் அவளுக்கு வந்த அந்த வலிப்பு வியாதியை நீர் அறிவீர். வருகிற ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிற பெரம்பூர் குடும்பத்தாரிடம் அதைச் சொல்லுகிற தைரியத்தைத் தாரும்..."

நான் அண்ணியின் தொடையைக் கிள்ளினேன். அவள் அதை ஆவியின் ஏவுதல் என்று நினைத்தாளோ என்னவோ, குரல் இன்னும் உயர்ந்தது. வழக்கம்போல ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன். கதவோரம் ஒரு புது அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பட்டுப்புடவை, கையில் பழப்பை. நாங்கள் கண்ணை மூடிய பிறகு சத்தமில்லாமல் வந்திருக்கிறாள். ஆமென் சொல்லும்போது அவளும் எல்லோரோடும் சேர்ந்து ஆமென் சொன்னாள்.

காப்பி வந்தது. அந்த அம்மாள் நிதானமாகக் குடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு வயலட் அக்காவிடம் கேட்டாள்: "இந்த சுகந்தின்றது, கோபாலபுரம் ஸ்கூல்ல வேலை செய்யறாங்களே, அந்த சொர்ணம் பொண்ணுதானே? நான் அந்தப் பெரம்பூர் பையனுக்குப் பெரியம்மா. பொண்ணு எப்படின்னு உங்கிட்ட விசாரிக்கலாம்னுதான் வந்தேன்."

அண்ணியின் முகம் செத்துப்போனது. அந்த அம்மாள் எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு, பழப்பையை மறக்காமல் எடுத்துக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை யாரும் பெண் பார்க்க வரவில்லை. பையனுக்கு இப்போது கல்யாணம் செய்கிற யோசனை இல்லை என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினார்கள்.

அண்ணி முதலில் சொன்னது என்ன தெரியுமா? "ஆண்டவருடைய சித்தம் பியூலா. அவங்க நல்ல மனுஷங்களா இருந்தா இதுக்காகவா போவாங்க? கர்த்தர் முன்னாடியே காட்டிக் குடுத்துட்டாரு."

எனக்கு வந்தது பாருங்கள் ஆத்திரம்! "அவர்மேல பழியப் போடாதீங்க அண்ணி. அவரு சும்மா கேட்டுக்கினுதான் இருந்தாரு. பேசினது நீங்க!"

அன்றைக்கு அண்ணி சாப்பிடவில்லை. மறுநாள், "என்னோட வா" என்று என்னை அழைத்துக்கொண்டு சொர்ணம் அக்கா வீட்டுக்குப் போனாள். கதவு திறந்தது. சொர்ணம் அக்கா நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அண்ணிக்கும் துக்கம் பொங்கியது. துக்கம் வந்தால் அண்ணிக்குத் தெரிந்தது ஒன்றுதான். அங்கேயே, வாசற்படியில் நின்றபடி, கண்ணை மூடிக் கையைக் கூப்பி, "அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் நடுவில் வந்த இந்தப் பிரிவை நீர் அறிவீர்..." என்று ஆரம்பித்துவிட்டாள்.

சொர்ணம் அக்கா கதவைச் சாத்தினாள். அறைந்துகூடச் சாத்தவில்லை, மெதுவாகத்தான் சாத்தினாள். அண்ணிக்கு அது கேட்கவில்லை. மூடின கதவைப் பார்த்து ஜெபித்துக்கொண்டே போனாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள்.

"அண்ணி, கதவ சாத்திட்டாங்க. வாங்க" என்று நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்கிற வேளை. "ஆண்டவர் செய்த நன்மைகளைச் சொல்லலாம்" என்று பாஸ்டர் சொன்னதும் அண்ணி எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்தேன். "இன்னா பண்ணப் போறீங்க?"

"என் தப்ப எல்லார் முன்னாடியும் அறிக்கை பண்ணப் போறேன்."

"இன்னா தப்புன்னு சொல்வீங்க? சுகந்தி விஷயத்த சொல்லிட்டேன்னு சொல்வீங்க. எந்த விஷயம்னு மிச்சம் இருக்கிறவங்க எல்லாரும் கேப்பாங்க. அதான?"

அண்ணி நின்றபடியே யோசித்தாள். பாஸ்டர் காத்திருந்தார். சபை முழுவதும் திரும்பிப் பார்த்தது. எங்கள் எப்சிபாய் எழுந்தால் மதியச் சாப்பாடு தாமதம் என்று ஆண்கள் சிலர் கடிகாரத்தைப் பார்த்தார்கள். அண்ணி, "ஸ்தோத்திரம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது தெருவென்றும் பார்க்காமல் அழுதாள். "தப்ப ஒத்துக்கறதுக்குக்கூட வழியில்லாம பண்ணிட்டேனே பியூலா. எல்லார் முன்னாடியும் அழுதா மனசு லேசாயிடும். அப்பவும் எனக்குத்தான் லேசாவும், அந்தப் பொண்ணுக்கு இன்னும் பாரம்." அண்ணி வாயில் இப்படி ஒரு பேச்சை நான் அதுவரை கேட்டதில்லை. என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

அதற்குப் பிறகும் புதன்கிழமை தவறாமல் வந்தாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. பெண்களுக்கு இது பிடிக்கவே இல்லை. "இன்னா எப்சி அக்கா, சுகந்தி சம்பந்தம் இன்னா ஆச்சு? விஷயம் தெரிஞ்சாத்தான பாரத்தோட ஜெபிக்க முடியும்?" என்று நோண்டினார்கள். தன் சரக்கைத் தனக்கே திருப்பி விற்க வருகிறார்கள் என்று அண்ணிக்குப் புரிந்தது. "பேரைச் சொல்லி ஜெபிங்க, போதும்" என்றாள். கொஞ்ச நாளில் காதைக் கடிக்கிறவர்கள் எல்லோரும் வயலட் அக்கா பக்கம் போய்விட்டார்கள். அண்ணிக்கு அது வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, ரொம்பவே வலித்தது. ஊரே தேடி வந்த மனுஷி ஜெபக்கூட்டத்தில் ஜமுக்காளம் மடிக்கிற ஆளாகிவிட்டாள்.

காமாக்ஷி மாமி பின்பக்கம் வந்து என்னிடம் ரகசியமாகக் கேட்டார்: "என்னடி பியூலா, உங்காத்துல சத்தமே காணோம்? மன்னிக்குத் தொண்டை கிண்டை கட்டிண்டுடுத்தா?"

"இல்ல மாமி. இப்பல்லாம் மனசுக்குள்ள ஜெபிக்கறாங்க."

"அப்போ எனக்கு டீவிதான்" என்று மாமி உள்ளே போய்விட்டார்.

மறுவருஷம் மெட்ராஸில் தண்ணீர்ப் பஞ்சம். லாரி எப்போது வருமென்று ஆண்டவருக்குத்தான் தெரியும். பெரும்பாலும் சொர்ணம் அக்கா வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் வரும். முன்பெல்லாம் அவள் குடங்களையும் அண்ணிதான் பிடித்து வைப்பாள். அந்தச் சண்டைக்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் அண்ணி, சொர்ணம் அக்கா வீட்டு கேட்டுக்குள்ளே கவிழ்த்து வைத்திருந்த பச்சைக் குடங்களை எடுத்து வந்து வரிசையில் வைத்தாள். நிரப்பி, தூக்கிக்கொண்டு போய், கதவைத் தட்டாமல் வாசலில் வைத்துவிட்டு வந்தாள்.

சாயங்காலம் சொர்ணம் அக்கா வந்து பார்த்தாள். யார் வைத்தது என்று கேட்க வேண்டியதில்லை. அந்தப் பஞ்சத்திலும் அவ்வளவு தண்ணீரையும் தூக்கி முருங்கை மரத்துக்கு ஊற்றினாள். குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லாத ஊரில் மரத்துக்கு! அண்ணி, "பரவால்ல, மரம் பொழச்சுக்கும்" என்றாள். அடுத்த லாரிக்கும் நிரப்பி வைத்தாள். மறுபடியும் மரத்துக்குப் போனது. எங்கள் வீட்டுக்குக் குறைத்துக்கொண்டு அங்கே வைத்தாள், அதுவும் மரத்துக்குப் போனது. என் அண்ணன் முணுமுணுத்தார். நான் முணுமுணுக்கவில்லை, கத்தினேன். அண்ணி அடுத்த லாரிக்குக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஒருநாள் லாரி வந்தபோது நானும் கூடப் போனேன். சொர்ணம் அக்கா வீட்டுக் குடங்கள் கவிழ்ந்திருக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்துக் கழுவின மாதிரி சுத்தமாக, வாய் மேலே பார்க்க, வாசலிலேயே எடுத்து வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் முறத்தில் ஒரு கட்டு முருங்கைக் கீரை. அண்ணி குடத்தைத் தூக்கிக்கொண்டாள். கீரையை நான் தூக்கிக்கொண்டேன்.

இதையெல்லாம் அண்ணி ஒரு ஜெபத்திலும் சொன்னதில்லை. யாரிடமும் சொன்னதில்லை. நான் சொல்லித்தான் உங்களுக்கே தெரிகிறது.

சுகந்தி வந்தது அதற்கும் பிறகு. ஒரு சனிக்கிழமை, நாங்கள் சப்பாத்தி போட்டுக்கொண்டிருந்தபோது நேராகச் சமையலறைக்குள் வந்து நின்றாள்.

"அம்மா அனுப்பல ஆன்ட்டி. நானாத்தான் வந்தேன்."

அண்ணி பூரிக்கட்டையைக் கீழே வைத்தாள்.

"அந்த மாப்பிள்ளை போனதுக்கு எனக்குக் கோவமே இல்ல. போனா போறான். எப்படிச் சொல்லணும்னு கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பார்த்து வச்சிருந்தேன் ஆன்ட்டி. என் விஷயத்த நான்தான் சொல்லணும்னு இருந்தேன். நீங்க சொல்லிட்டீங்க. இப்ப சர்ச்சுல நான் எழுந்து நின்னாக்கூட, இவ எப்ப விழுவான்னு பார்க்கற மாதிரியே கீது."

பழைய அண்ணியாக இருந்தால் இந்நேரம் கண்ணை மூடியிருப்பாள். நான் பயந்துகொண்டே பார்த்தேன். அண்ணி கண்ணைத் திறந்தே இருந்தாள். அந்தப் பெண் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"ஆமாண்டா கண்ணு. உன்னோடத நான் எடுத்துக் குடுத்துட்டேன். தப்பு என்னோடது. சாக்கு ஒண்ணும் இல்ல."

சுகந்தி கேட்டாள்: "இப்பவும் எனக்காக ஜெபம் பண்றீங்களா?"

"தெனம்."

"இன்னான்னு பண்றீங்க?" கேள்வியில் குத்தல் இருந்தது.

"சுகந்தின்னு சொல்லுவேன்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒண்ணும் இல்ல. உன் பேரைச் சொல்லிட்டு, அவர் பக்கத்துல சும்மா உக்காந்துக்கினு இருப்பேன்."

சுகந்தி என்னைப் பார்த்தாள். மெய்யா என்று கேட்கிற பார்வை. நான் தலையை ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டாள், கண்ணில் தண்ணீரோடு. தரையில் உட்கார்ந்து சூடாக மூன்று சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அண்ணி பாட்டுப் பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

தொண்ணூற்று ஐந்தில் சுகந்திக்கு நிச்சயதார்த்தம். பையன் ஜீவரத்தினம், அடையாறில் வேலை. அவளே பார்த்த பையன். தன் விஷயத்தை பஸ் ஸ்டாப்பில் நின்று அவளே சொல்லியிருக்கிறாள். "இன்னா சொன்னான்?" என்று நான் கேட்டதற்கு, "முழுசாக் கேட்டான். அப்பறம், சரி, பஸ் வருது ஏறுன்னான்" என்றாள். அவன் வீட்டிலும் இரண்டு பேருமாகப் போய்ச் சொல்லிவிட்டார்கள்.

சொர்ணம் அக்கா வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து விழா. பையன் வீட்டார் ஒரு பக்கம், சபையார் ஒரு பக்கம், வாசலோரம் காமாக்ஷி மாமி. மோதிரம் மாற்றினார்கள். பாஸ்டர், "பெண் வீட்டார் சார்பில் ஒருவர் ஜெபம் பண்ணலாம்" என்றார். வயலட் அக்கா தொண்டையைச் செருமித் தயாரானாள்.

"எப்சி பண்ணட்டும்" என்றாள் சொர்ணம் அக்கா.

கூடம் அப்படியே அடங்கிப்போனது. வயலட் அக்கா என்னைப் பார்த்தாள். மாப்பிள்ளையின் மாமா, சித்தப்பா, அவர்களுடைய சம்பந்திகள் என்று அவ்வளவு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள்! ஆண்டவரே, இந்த வாயைக் காத்தருளும் என்று நானே அன்றைக்குப் பாரத்தோடு ஜெபித்தேன்.

அண்ணி எழுந்தாள். உடனே கண்ணை மூடவில்லை. கூடத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று கதவோரம் வரைக்கும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சுகந்தியைப் பார்த்தாள். அப்புறம்தான் கண்ணை மூடினாள்.

"அன்பின் பரலோகப் பிதாவே. சுகந்தி, ஜீவரத்தினம். இவர்களை நீர் அறிவீர். ஆமென்."

யாரும் கண்ணைத் திறக்கவில்லை. இனிமேல்தான் ஆரம்பம் என்று எல்லோரும் தலையைக் குனிந்து காத்திருந்தார்கள். பாஸ்டரும் காத்திருந்தார். முதலில் சத்தமாக ஆமென் சொன்னது சுகந்திதான். அவள் குரலில் அத்தனை சந்தோஷம். நான் மூக்கைச் சிந்திக்கொண்டு இரண்டாவது ஆமென் சொன்னேன்.

பந்தி நடக்கும்போது சொர்ணம் அக்கா பாயச வாளியோடு அண்ணியிடம் வந்தாள். வாளியைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து, அண்ணியின் காதில் ஏதோ சொன்னாள். பழைய நாட்களில் சொல்வாளே, அதே மாதிரி, கையால் வாயை மறைத்துக்கொண்டு. அண்ணி அவள் கையைப் பிடித்து இரண்டு தட்டுத் தட்டினாள். இரண்டு பேர் கண்ணும் கலங்கியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கேட்டேன்: "இன்னா அண்ணி சொன்னாங்க?"

"ஜெபத்துல வச்சுக்கச் சொன்னா."

"எதுக்கு?"

அண்ணி புடவையை மடித்துக்கொண்டே இருந்தாள். அன்றைக்குக் கேட்டேன், மறுநாள் கேட்டேன், அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு கல்கல் பலகாரம் உருட்டும்போது நயமாகக் கேட்டேன், கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தேன். சொந்த நாத்தனார் மாதிரியா நடத்துகிறாள் என்று அண்ணனிடம் புகார் செய்தேன். இன்றைக்கு வரைக்கும் அது என்னவென்று எனக்குத் தெரியாது. கேட்டால் சிரிக்கிறாள்.

"அவர் அறிவார் பியூலா. நீ போய் அடுப்பப் பாரு."